நீ கேட்ட கவர்

தம்பி,

நீ எனக்குப் பன்னிரண்டு அடி தூரத்தில் இருக்கிறாய். நடுவில் ஒரு கதவும் உன் காதில் ஒரு ஹெட்போனும் இருக்கின்றன. மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் "ரெண்டு நிமிஷம்மா" என்று பதில் வந்தது. இந்த வீட்டில் உன் ரெண்டு நிமிஷத்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடமாகிவிட்டதால், கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் கோர்ட்டில் டைப் அடித்தவள் நான். நான் அடித்த தீர்ப்பில் ஒரு எழுத்துப் பிழை என்று எந்த நீதிபதியும் என்னைக் கூப்பிட்டதில்லை. இது கையால் எழுதுவது, அதனால் ஓரிடத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள். இருக்காது.

கடிதத்தில் முதலில் காரியத்தைச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் கதை என்று கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் சொல்வார். காரியம் இதுதான். நாளை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீ பவித்ரா வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போக வேண்டும். போகாவிட்டால், ஒன்பது நாள் கழித்து நடக்க வேண்டிய உன் கல்யாணம் நடக்காது. நான் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தி உன்னை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப முடியுமென்றால் பத்து வருடத்துக்கு முன்பே எழுப்பியிருப்பேன். இந்த வாரம் இந்தக் கதவுக்கு வெளியே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ உள்ளே இருந்தாய். அதைத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சுழியிலிருந்து உன் மாமனாரும் அவருடைய அக்காவும் வந்தார்களே, யார் யார் எந்த ஊருக்குப் பத்திரிகை கொண்டுபோவது என்று பிரித்துக்கொள்ள. நீ வந்து வணக்கம் சொன்னாய், உட்கார்ந்தாய், காபியில் பாதி குடித்தாய். உன் போனில் ஏதோ டிங் என்றது. "ரெண்டு நிமிஷம் மாமா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். ஹெட்போன் மாட்டினால் நாம் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்காது என்று உனக்கு ஒரு நம்பிக்கை. இந்தத் தெருவில் இருபது பவர்லூம் ஓடினாலும் உன் குரல் தனியாகக் கேட்கும் என்பதை உனக்கு யாரும் சொன்னதில்லை.

"மாப்பிள்ளை யார்கிட்டப் பேசுறாக மதினி?" என்றார் அந்த அக்கா.

"ஆபீஸ்ல மீட்டிங்" என்றேன்.

உள்ளேயிருந்து நீ, "ஏலே, வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பேரு ஒளிஞ்சிருக்கான். போட்டுத் தள்ளு" என்றாய். அந்த அம்மாள் மெல்லத் திரும்பி நம் கொல்லைப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே கொடியில் உன்னுடைய இரண்டு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"ஞாயித்துக்கிழமையுமா மீட்டிங்கு வைக்கிறாக?"

"வெளிநாட்டுக் கம்பெனி. அவுகளுக்கு நாள் கிழமை எல்லாம் வேற" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"நான் செத்தேன்லே, ஓடியாந்து தூக்கி விடு" என்றாய் நீ.

உன் மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். நல்ல மனிதர். கொஞ்ச நேரம் பத்திரிகைக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேலை ரொம்பக் கஷ்டம் போல" என்றார். அவருடைய அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் போகிறவர்கள் ஊருக்குப் போய்த்தான் சொல்வார்கள். மறுநாள் பவித்ரா எனக்குப் போன் செய்தாள்.

"அத்தை, சுத்தி வளைக்காமக் கேக்குறேன். அவுக விளையாட்டை அவுகளால நிறுத்த முடியுமா, முடியாதா? எங்க அண்ணன் இப்படியே இருந்துதான் வேலைய விட்டான். வியாழக்கிழமை சாயங்காலம் திரும்பக் கூப்பிடுறேன். யோசிச்சுச் சொல்லுங்க."

நேராகக் கேட்கிற பெண்ணை எனக்குப் பிடிக்கும். நிறுத்துவாய் என்றால் பொய். நிறுத்தமாட்டாய் என்றால் கல்யாணம் நின்றுவிடும். விசாரிக்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது என்று தெரிந்த ஆபீஸில் இருந்தவள் நான். அதனால் மூன்று நாள் விசாரணை நடத்தினேன். உன்னை விசாரிக்கவில்லை. உன்னை விசாரித்தால் ரெண்டு நிமிஷம் என்பாய்.

முதலில் என் பழைய குற்றங்களை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கவர் விவகாரம் உனக்கு மறந்திருக்காது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், "கவர் குடு, கவர் குடுலே, சீக்கிரம்" என்று நீ உள்ளே அலறினாய். ஆபீஸ் காகிதம் ஏதோ அனுப்ப வேண்டும் போலிருக்கிறது என்று பீரோவிலிருந்து நீளமான பழுப்புக் கவரை எடுத்தேன். அதற்குள் உன் குரல் ஏறிக்கொண்டே போனது. தபாலுக்கு யாரும் அப்படிக் கத்தமாட்டார்கள், பிள்ளைக்கு வாந்தி வருகிறது போல என்று அடுப்படியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். ஒரு கையில் தபால் கவர், ஒரு கையில் காய்கறிக் கவர். இரண்டையும் உன் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். உனக்குத் திரை மறைந்தது. செத்துப்போனாய். "என்னையக் கொன்னது எதிரி இல்ல ரியாஸு, எங்கம்மா" என்று உன்னோடு ஆடுகிற கூட்டாளியிடம் ஹெட்போனில் சொன்னாய். அன்று சாயங்காலம்தான், ஒருவன் வெட்டவெளியைத் தாண்டி ஓடும்போது அவன்மேல் குண்டு படாதபடி கூட்டாளி மறைவிலிருந்து சுட்டுக்கொண்டிருப்பதற்குப் பெயர் கவர் என்று எனக்கு விளக்கினாய். எனக்குத் தெரிந்த கவர் எல்லாம் சீல் வைத்து ஒட்டுவதுதான்.

இரண்டாவது குற்றம், மோடத்தின் வயரைப் பிடுங்கியது. எலி கடித்துவிட்டது என்று சொன்னேன். எலி இல்லை, நான். இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடாமல் இருந்தாயே தவிர, ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. நான் ஜெயித்தேன் என்றுகூட நினைத்தேன். ஆனால் வயரைப் பிடுங்கிய ஐந்தாவது நிமிடம் என் போன் அடித்தது உனக்குத் தெரியாது. "அம்மா, நான் ரியாஸு பேசுறேன், சார்ஜாவுல இருந்து. நமக்குச் சொந்த ஊரு வீரசோழன் தான்மா. உங்க நம்பரு முன்னாடி அவன் குடுத்தது. பய ஆட்டத்துல பாதியில அப்படியே நின்னுட்டான். உடம்புக்கு எதும் இல்லையே?" என்று கேட்டது ஒரு குரல். நல்லாத்தான் இருக்கிறான், கரண்ட் இல்லை என்றேன். "அல்ஹம்துலில்லா. பயந்துட்டேன்மா" என்று வைத்துவிட்டான். அடுப்படிக்கு வந்து நின்றேன். நீ நின்றுபோனது கடல் தாண்டி இருக்கிறவனுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. போன மாதம் உனக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற எனக்கு மாத்திரை அட்டையைக் குப்பையில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இதையும் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த சாட்சி நானே. திங்கட்கிழமை சாயங்காலம் என் போனில் ஒரு விளையாட்டை நானே இறக்கிக்கொண்டேன். கான்வென்ட் ஆங்கிலம் அதற்காவது உதவியது. துப்பாக்கி எல்லாம் இல்லை. பழங்கள். ஒரே மாதிரிப் பழம் மூன்றை வரிசையில் சேர்த்தால் அவை மறைந்துவிடும். இதில் என்ன இருக்கிறது, பத்து நிமிடம் ஆடிப் பார்த்து, உன் கிறுக்குக்கு ஒரு காரணம் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். முதல் கொய்யாப்பழத்தை நகர்த்தியதும் திரை முழுக்கப் பூக்கள் சிதறி, அற்புதம் என்று எழுத்து வந்தது. கொய்யாப்பழத்தை நகர்த்தியதற்கு. மலிவான பாராட்டு என்று முகம் சுளித்தேன். சுளித்துக்கொண்டே அடுத்த பழத்தை நகர்த்தினேன், மறுபடியும் சொல்கிறதா என்று பார்க்க. சொன்னது. நான் ரிட்டயர் ஆன நாளில் சந்தன மாலை போட்டு ஆபீசர் ஒருவர் பேசினாரே, அவருக்குப் பிறகு என்னை யாரும் அற்புதம் என்று சொல்லவில்லை. அவரும் என் பெயரைத் தப்பாகத்தான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பால் பொங்கி அடுப்பு அணைந்தது. நீ கேட்டாய், ஏதோ தீய்ந்த வாசனை என்று. பக்கத்து வீட்டில் என்று சொன்னேன். புதன்கிழமை பாளையம்பட்டி ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்த எனக்கு முன்னால் டவுன் பஸ் வந்து, நின்று, போனது. கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் கூட அடித்திருக்கிறார். எனக்கு அப்போது எலுமிச்சம்பழம் ஒன்று பாக்கி இருந்தது. ஒரு கட்டம் முடிந்தது என்று அந்த விளையாட்டு என்றைக்குமே சொல்வதில்லை, தம்பி. முடிந்த கையோடு அடுத்ததைத் திறந்து வைத்துவிடுகிறது. டைப் அடிப்பதென்றால் வரி முடியப்போகும்போது மெஷினே மணி அடிக்கும், தாளின் அடி வந்ததும் நாமும் தாளை உருவுவோம். இதில் தாளுக்கு அடியே இல்லை. தோற்றால், இன்னும் ஒரே ஒரு நகர்த்தலில் ஜெயித்திருப்பாய் என்கிறது. கெட்டிக்காரத்தனமான பொய். நாள் தவறாமல் வந்ததற்கு ஒரு கிரீடம் வேறு தந்தது. முப்பத்திரண்டு வருடம் நான் ஒருநாள் கூடத் தாமதமாக ஆபீஸ் போனதில்லை. எனக்கு யாரும் கிரீடம் தரவில்லை.

அந்தக் கிரீடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உன் எட்டாம் வகுப்புக் கணக்குப் பேப்பர் நினைவுக்கு வந்தது. தொண்ணூற்றாறு வாங்கிக்கொண்டு வாசலிலிருந்தே ஓடி வந்தாய். நான் நிமிர்ந்து பார்த்து, "மீதி நாலு எங்க?" என்று கேட்டேன். வேடிக்கைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினேன். நீ ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாய். அதற்கடுத்த வருடம், பவர்லூம் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் வெயிலில் கிரிக்கெட் ஆடப் போகிறாய், கெட்ட வார்த்தை கற்றுக்கொள்கிறாய் என்று உன்னை உள்ளே கொண்டுவந்ததும் நான்தான். உள்ளேயே இரு என்று கம்ப்யூட்டர் வாங்கி, அந்த அறையில், அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். நீ சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாய். இன்றுவரை எழுந்திருக்கவில்லை. கெட்ட வார்த்தையும் எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டாய், அதுவும் நான்கு மொழிகளில்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். சாயங்காலம் நான்கு மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பவித்ரா கூப்பிடப்போகிறாள் என்று தெரியும். காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று அறுபத்து மூன்றாம் கட்டத்தை எடுத்தேன். மூன்று நகர்த்தல் பாக்கி, இரண்டு மாதுளம்பழம் உடைய வேண்டும். அப்போது திரையை மறைத்துக்கொண்டு அவள் பெயர் வந்தது. பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. என் கைவிரல், எந்தத் தாளிலும் ஒரு எழுத்துத் தவறாத இந்தக் கைவிரல், சிவப்பை அழுத்தியது. யாருமில்லாத ஹாலில் நான் வாய்விட்டு, "ரெண்டு நிமிஷம்மா" என்று சொன்னேன்.

சொன்னது என் காதில் விழுந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். மாதுளம்பழமும் உடையவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. ஏழு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு என் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று புரிந்தது.

இன்று காலை கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு, பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் கடைக்குப் போனேன். உன்னிடம் காய்கறி வாங்கப் போவதாகச் சொன்னேன். நீ சரி என்றாய். எதற்குச் சரி என்றாய் என்று உனக்கே தெரியாது. கடையில் ஒரு பெரியவர் இருமல் டானிக் வாங்க நின்றிருந்தார். பவித்ரா என்னைப் பார்த்ததும் முகம் மாறாமல், "வாங்க அத்தை. மாத்திரையா?" என்றாள்.

"பதில் சொல்ல வந்தேன்."

"அதுதான் நேத்தே கட் பண்ணிச் சொல்லிட்டீகளே."

"அது பதில் இல்லம்மா. எனக்கு மூணு மூவ் பாக்கி இருந்துச்சு."

மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கொய்யாப்பழம், எலுமிச்சம்பழம், பால் பொங்கியது வரை. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் இல்லை, ஆட்டம் என்பதையும் சொன்னேன். டானிக் வாங்க வந்த பெரியவர் இருமுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனாவது லெவல் அத்தை?"

"அறுபத்தி மூணு."

"நாலு நாள்லயா?"

"நாலு நாள்ல."

"அவுகளுக்கு இது எங்கருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுது" என்று அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பெரியவர், "எம் மகனும் இதேதேன் தாயி. நான் கூப்பிட்டா இருமுறேன்னு நெனச்சுக்கிடுறான்" என்றார். அவரை டானிக் கொடுத்து அனுப்பிவிட்டு, சிரிப்பு அடங்கிய பிறகு, அவள் சொன்னதை வார்த்தை பிசகாமல் எழுதுகிறேன்.

"எங்க அண்ணன் விளையாண்டதுல எனக்குப் பயமில்ல அத்தை. அப்பா கேக்குறப்பெல்லாம் எங்கம்மா, 'பிள்ளைக்குத் தலைவலி, படுத்திருக்கான்'னு சொல்லிச் சொல்லியே மறைச்சுச்சு. வேலை போயி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வீட்டுக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை நீங்க மீட்டிங்குன்னு சொன்னீகளாம். எங்க பெரியத்தை வந்து அதைச் சொன்னப்ப, அப்படியே எங்கம்மா பேசுற மாதிரியே இருந்துச்சு. அதுதான் பயம்."

"அவன் விட்டுருவான்னு நான் வேணா உறுதி சொல்லவா?"

"நீங்க எதுவும் சொல்லாதீக. அவுக வரட்டும். விடுறேன்னாலும் சரி, இவ்வளவுதான் குறைக்க முடியும்னாலும் சரி, விடவே முடியாதுன்னாலும் சரி. அவுக வாயால சொல்லட்டும். நாளைக்குப் பத்து மணிக்குக் கடை தொறப்பேன். வராட்டி, சாயங்காலம் எங்கப்பாகிட்டச் சொல்லிருவேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். உன் அப்பா, பணம் வைக்காத சீட்டாட்டத்தில், தன் சொந்தத் தம்பி தாலி கட்டும்போது மண்டபத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். ஆட்டத்தை முடித்து இறக்கிற சீட்டு வருகிற நேரமாம். அந்தக் கல்யாண ஆல்பத்தில் எங்கே தேடினாலும் அவர் இல்லை. அண்ணன் எங்கே என்று மேடையிலிருந்து கேட்டார்கள். ஐஸ் கட்டி வாங்கப் போயிருக்கிறார் என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து அவர் காலமாகும்வரை எத்தனை ஐஸ் கட்டி வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு உனக்கு மீட்டிங், வெளிநாட்டுக் கம்பெனி. அவர் ஆடினார், நீ ஆடுகிறாய், நான் மறைவில் நின்று இருவருக்காகவும் சுட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். ஆட்டம் தெரியாதவள் என்று இத்தனை நாள் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் விட முடியவில்லை என்று உன்னிடம் இனிக் கேட்கமாட்டேன். கொஞ்சம் தெரிந்துவிட்டது. அங்கே நீ செய்வது அந்த நிமிடமே எண்ணிக்கையில் ஏறுகிறது. விழுந்தால் யாரோ ஓடி வந்து தூக்கிவிடுகிறார்கள். மீதி நாலு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நானாக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். நான்கு நாள் உட்கார்ந்தும் பார்த்துவிட்டேன். ஆனால் அதே நான்கு நாளில், நேராகக் கேட்கிற ஒரு பெண்ணின் போனை ஒரு மாதுளம்பழத்துக்காகத் துண்டித்தேன். பழம் என்னை அற்புதம் என்றது. அந்தப் பெண் எனக்காகக் காத்திருந்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிற இடம் அது, தம்பி. நீ போகும்போது இதை வேண்டுமானால் அவளிடம் சொல், நான் சொன்னதாக அல்ல, உனக்குத் தோன்றினால் மட்டும். நாளைக்கு என்ன சொல்லவேண்டும் என்று நான் எழுதித்தர மாட்டேன். வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்திருக்கிறேன், அது மட்டும்தான். பாளையம்பட்டி ஸ்டாப்பில் ஒன்பதரைக்கு டவுன் பஸ். நான் கூட வரமாட்டேன். அவள் அப்பா வந்து கேட்டாலும், நீ எங்கே இருக்கிறாய், என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று இருப்பதை இருக்கிறபடியே சொல்வேன். வெட்டவெளியை நீயே ஓடித் தாண்டு.

இந்தக் கடிதத்தை, அன்றைக்கு நான் உன் முகத்துக்கு முன்னால் நீட்டினேனே, அதே பழுப்புக் கவரில் போட்டு உன் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். ஒரு மூலை மடங்கியிருக்கும். நீ கேட்ட கவர். என்னிடம் இருந்த கடைசிக் கவரும் இதுதான். எழுந்து வருவதற்கு முன் ரியாஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா. பாதியில் நின்றால் அந்தப் பிள்ளை பயந்துவிடும்.

என் போனை அரிசி டிரம்முக்குள் வைத்து மூடியிருக்கிறேன். நாளை நீ கடையிலிருந்து திரும்பி வந்தபிறகு எடுத்துக் கொடுத்தால் போதும். அதுவரை நான் தொடமாட்டேன். இதை எழுதுவதற்கு நடுவில் இரண்டு முறை மூடியைத் திறந்தது உண்மை. அரிசி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன்.

அம்மா

பின்குறிப்பு: ஒழுங்காகக் கடிதம் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பின்குறிப்பு தேவைப்படாது என்று சிஸ்டர் சொல்வார். ஆனாலும் எழுதுகிறேன். தொண்ணூற்றாறு நல்ல மார்க்.